குடிபூராத வீடும் பிளேன்வள்ளமும்

றஞ்சனி குந்தியிருந்து ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தாள். பழைய சைக்கிள் ரியூப்பை விரலளவு நாடாக்களாக வெட்டி, ஆணி கழன்ற இடமெல்லாம் கரண்டிக் காம்பால் குத்திச் செருகி, மிஞ்சிய நுனியைக் கத்தரித்துவிடுவாள். அன்று காலையில் மட்டும் பதினேழு ஓட்டை. கூரை ஒழுக்கை அவள் பெரிதாக எடுக்கவில்லை. அதற்கு ஒரு வாளி வைத்தால் போதும். அடித்தகட்டில் தண்ணீர் ஊறினால் தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். ஏலாத மனிதர் கிடக்கிற இடத்தில் பாம்பு வரக்கூடாது.

“மாமா, கஞ்சி குடிப்பமோ?” என்று திரும்பாமலே கேட்டாள்.

“சரி.”

“இண்டைக்குக் கஞ்சி இல்லை. பட்டினிதான்.”

“சரி.”

கட்டிலில் கிடந்தவர் ஆழ்வாப்பிள்ளை, அவளுடைய கணவன் ஆரூரனின் தகப்பன். வயது எண்பத்துநாலு. நாலு வருடத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய், மிஞ்சியது அந்த ஒரு சொல். பசித்தாலும் சரி, நொந்தாலும் சரி, நாய் குரைத்தாலும் சரி. அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். றஞ்சனி ஓரளவுக்குப் பிடிப்பாள்.

அவர் கிடந்த இடம் ஒரு பிளேன்.

இரண்டாவது உலக யுத்தத்தில், கடலில் இறங்கிக் கடலிலிருந்தே ஏறுவதற்கென்று செய்த பிளேன். அதன் அடிப்பக்கம் வள்ளத்தைப் போலவே இருக்கும். யுத்தம் முடிந்ததும் திருகோணமலையில் பட்டாளத்துக்கு வேண்டாத சாமான்களை ஏலத்தில் விட்டபோது ஆழ்வாப்பிள்ளையின் தகப்பன் அதை எடுத்தார். எஞ்சின்கள் இரண்டும் வேறு யாருக்கோ போய்விட்டன. செட்டைகளை அறுத்துப் பாத்திரம் அடிப்பவர்களுக்கு விற்றார். அந்தத் தகட்டில் அடித்த சட்டிகள் தீவுப்பகுதிக் குசினிகளில் கனகாலம் புழங்கின. மிஞ்சிய உடம்பை வத்தை என்கிற சரக்குத் தோணி ஒன்றின் பின்னால் கட்டி ஊர்காவற்றுறைக்கு இழுத்து வந்து, டீசல் எஞ்சின் ஒன்றைப் பூட்டிப் புகையிலையும் வெங்காயமும் ஏற்றினார். நயினாதீவுத் திருவிழாவுக்கு ஆட்களையும் ஏற்றினார். சனம் அதற்குப் பிளேன்வள்ளம் என்று பெயர் வைத்தது. ஆழ்வாப்பிள்ளை பதினாறு வயதிலேயே அதன் மூக்கில் நின்று ஆழம் பார்த்துச் சொல்லும் வேலைக்கு வந்துவிட்டார்.

பிறகு எஞ்சின் பழுதானது. பாலத்தாலே பஸ்ஸும் லொறியும் ஓடத் தொடங்கின. பிளேன்வள்ளத்தைச் சுருவில் ஊர்க் கரையில் பனங்குற்றிகளின் மேல் இழுத்து ஏற்றினார்கள். அதன் பின் அது புகையிலை வைக்கிற இடம், வைக்கோல் வைக்கிற இடம், ஆடு குட்டி போடுகிற இடம். தொண்ணூறில் சண்டை வந்து ஊர் முழுவதும் வெளிக்கிட்டு ஓடி, ஏழெட்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டுக்கு ஓடும் இல்லை, கதவும் இல்லை. பிளேனை மட்டும் கொண்டுபோக யாருக்கும் வழி தெரிந்திருக்கவில்லை. குடும்பம் அதற்குள் புகுந்தது. றஞ்சனி கலியாணம் முடித்துக் குடித்தனம் தொடங்கியதும் அதற்குள்தான்.

அவள் வேலணைப் பிள்ளை. யாழ்ப்பாணத்தில் நோயாளரைப் பராமரிக்கும் படிப்பைப் படித்துச் சான்றிதழ் எடுத்து, ஆறு வருடம் சைப்பிரசில் ஒரு கிழவியைத் தூக்கிக் கிடத்திச் சம்பாதித்தவள். மாமனாருக்கு வருத்தம் என்றதும் வந்துவிட்டாள். ஆரூரன் கட்டாரில் லொறி ஓட்டுகிறான். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்புவது, முதுகைத் துடைத்து உலர்த்துவது, கஞ்சி கொடுக்கும்போது நிமிர்த்தி இருத்துவது, கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றாமல் ஓரடியும் விலகாமல் இருப்பது. இதில் அவளுக்கு ஒரு நாளும் பிசகியதில்லை. ஆனாலும் போன மாதம் இடுப்பில் ஒரு படுக்கைப்புண் பிடித்துவிட்டது. ஈரம்தான் காரணம். பிளேனுக்குள் மாரி முழுவதும் தகடு வியர்த்துக்கொண்டே இருக்கும்.

முப்பது யார் தூரம் தள்ளி மேட்டில் வீட்டுத்திட்டத்தில் கட்டிய புது வீடு நின்றது. மூன்றடி அத்திவாரம், ஓடு, மாபிள், மின்விசிறி. ஆவணியிலேயே வேலை முடிந்துவிட்டது. ஆனால் பால் காய்ச்சிக் குடிபூரல் தை மாதம் இருபத்தோராம் திகதி என்று சாத்திரியார் நாள் வைத்திருந்தார். ஆரூரன் அதற்கென்று லீவு எடுத்து வருகிறான். அதுவரை பூட்டுத்தான். றஞ்சனியும் ஆரூரனின் தமக்கையான மச்சாள் யோகம்மாவும் தகரக் கொட்டிலில் சமைத்துப் படுத்தார்கள். மாமா பிளேனில். வீட்டுத் திறப்பு யோகம்மாவின் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தது.

காலை ஒன்பது மணிக்கு ஓட்டோ ஒன்றில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து அறிவித்தார்கள். புயல் தள்ளுகிறது, கடல் ஏறும், கரையோரச் சனம் எல்லாம் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டும். றஞ்சனி கையைத் துடைத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனாள்.

“மச்சாள், திறப்பைத் தாங்கோ. மாமாவை வீட்டுக்குள்ளை ஏத்துவம்.”

யோகம்மா அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “உமக்கென்ன விசரே? பால் காய்ச்சாத வீட்டுக்கை ஏலாத மனுசனைக் கொண்டுபோய்க் கிடத்துறதோ?”

“கடல் வருதாம்.”

“எத்தினை கடலைக் கண்டிட்டம். அங்கை அவருக்கு ஏதும் ஆச்சுதெண்டால்? முதல் முதல் அந்த வாசலாலை வெளியிலை போறது பாடையாய் இருக்கவேணுமோ? அவன் வந்து ஆரின்ரை முகத்திலை முழிப்பான்?”

“அப்ப பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவம்.”

“சீமெந்து நிலத்திலை கிடத்திப் புண்ணைக் கிழிக்கவோ? படிச்சனீர்தானே, நீரே சொல்லும்.”

அவள் சொன்னதும் சரிதான். மாமாவின் கட்டிலில் போட்ட காற்று மெத்தையைச் சனத்துக்கு நடுவில் விரிக்கவும் ஏலாது. யோகம்மா குரலை இறக்கினாள். “பிளேன் எண்பது வருசமாய் எத்தினை புயலைக் கண்டது. ஒரு தகடு கழண்டதோ? அவருக்கும் அதுக்குள்ளைதானே விருப்பம்.”

அது பழைய கதை. பேச்சு இருந்த காலத்தில் ஆழ்வாப்பிள்ளை தன் பிளேனை விட்டு அசையமாட்டேன் என்று சொன்னது உண்மை. பேச்சுப் போன பிறகு யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

றஞ்சனிக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் அவள் விட்டுக்கொடுத்தாள். அந்த வீட்டுக்குள் வைத்து மாமாவுக்கு ஏதும் நடந்துவிட்டால், பார்த்தவள் நான், பழியும் எனக்கு என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. திறப்பை அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பத்தரைக்கு வாடைக்காற்று ஊளையிட்டது. பதினொன்றுக்குக் கடல் வளவுக்குள் வந்தது. அலையாக வரவில்லை. பால் பொங்கினாற்போல மெதுவாக, நுரையோடு, எல்லாப் பக்கத்தாலும் வந்தது. பிளேனுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தன்னுடைய ரியூப் வேலையைப் பார்த்து றஞ்சனிக்கு ஒரு திருப்திகூட வந்தது. ஆளைத் திருப்பினாள், தலைப்பக்கத்தை உயர்த்தினாள், பக்கக் கம்பிகளை ஏற்றிப் பூட்டினாள்.

“சுடுதண்ணி எடுத்துக்கொண்டு வாறன் மாமா. அஞ்சு நிமிசம்.”

“சரி.”

வெளியே தண்ணீர் முழங்காலுக்கு மேல். அங்கே வீட்டு மாடு கதறிக்கொண்டு நின்றது. பிளேனின் மூக்கு வளையத்திலிருந்து பூவரச மரத்துக்கு ஒரு நைலோன் கயிறு எப்போதும் கட்டியிருக்கும். அதில் வளையம் கோத்து மாட்டைக் கட்டினால் அது அங்குமிங்கும் போய் மேயும். இப்போது மாட்டின் கயிறு அதோடு சுற்றிக் கழுத்தை இறுக்கியிருந்தது. முடிச்சு ஊறிப் பிடித்துவிட்டது. றஞ்சனி கொட்டிலுக்குப் போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து, மரத்தடியில் நைலோன் கயிற்றை ஒரே இழுவையில் அறுத்தாள். மாடு தப்பித்து மேட்டுக்கு ஓடியது.

கொட்டிலுக்குள் யோகம்மா அரிசியையும் மாவையும் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தாள். றஞ்சனி சூடு ஆறாத சுடுதண்ணீர்ப் போத்தலை நிரப்பி மூடியை இறுக்கினாள். அந்த நேரத்தில் காற்று விழுந்தது. காது அடைத்ததுபோல இருந்தது. “அப்பாடா, விட்டிட்டுது” என்றாள் யோகம்மா. அவள் சொல்லி முடிக்கும் முன் எதிர்ப்பக்கத்தால், தெற்கிலிருந்து, காற்று அறைந்தது. கொட்டிலின் தகரம் ஒன்று பறந்தது.

றஞ்சனி போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பிளேன் இல்லை.

அவளுக்கு விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பூவரசு நின்றது. கிணற்றுக்கட்டு நின்றது. இடையில் வெறும் தண்ணீர். அவள் செய்த முதல் வேலை, வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தது. யாரோ இழுத்து அங்கே வைத்திருப்பார்கள் என்பதுபோல. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து கண் விழித்ததும் பார்த்த ஒரு பொருள் நின்ற இடத்தில் இல்லை என்பதை அவளுடைய தலை ஏற்கவில்லை. பனங்குற்றி ஒன்று மிதந்து வந்து முழங்காலில் இடித்த பிறகுதான் நிமிர்ந்து கடலைப் பார்த்தாள்.

அறுபது யார் தூரத்துக்கு அப்பால், மழைக்குள், வெள்ளி நிறத்தில் அதன் வால் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அது மிதந்தது. அது வள்ளம்தானே. வேறென்ன செய்யும்?

கழுத்தளவு தண்ணீர் வரும்வரை ஓடினாள். கைக்கு எட்டுமாற்போல இருந்தது, எட்டவில்லை. மூக்கு வளையத்திலிருந்து அறுந்த கயிறு தண்ணீரில் பாம்புபோல நெளிந்து போனது. அப்போதுதான் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. ஓட்டை முழுவதையும் அடைத்தது அவள். கயிற்றை அறுத்தது அவள். பக்கக் கம்பியைப் பூட்டி, ஆள் விழாமல், எழும்பாமல் வைத்ததும் அவள்.

“என்னடி, எங்கை அப்பு?” என்று யோகம்மா பின்னால் நின்று கத்தினாள். றஞ்சனி கையை நீட்டிக் காட்டினாள். யோகம்மா தண்ணீருக்குள்ளேயே குந்தி இருந்துவிட்டாள். இருந்தவளின் இடுப்பைச் சுற்றிச் சேலை குடைபோல விரிந்தது.

பக்கத்துக் கரையில் மரியதாசன் வீடு. அறுபது வயது. நண்டுத் தொழில். றஞ்சனி போய் நின்றபோது அவர் வள்ளத்தை வீட்டுத் தூணில் கட்டிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“மரியதாசண்ணை, பிளேன் போயிட்டுது.”

“எங்கை போயிட்டுது?”

“கடலுக்கு. மாமா உள்ளுக்கை.”

அவர் கோப்பையை வைத்துவிட்டு அவளை உற்றுப் பார்த்தார். “பிள்ளை, நீர் முதலிலை இரும். என்ன சொல்லுறீர் எண்டு யோசிச்சுச் சொல்லும்.”

“யோசிக்க ஒண்டுமில்லை அண்ணை. எழும்புங்கோ.”

அவர் ஓடிப்போய்க் கரையைப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டார். “மாதாவே! அறுபது வருசம் சும்மா கிடந்த சாமான், வெளிக்கிட இண்டைக்கோ நாள் பாத்தது?” போனை எடுத்துக் காரைநகர் நேவிக்குச் சொல்லச் சொல்லி யாருக்கோ கத்தினார். பிறகு எஞ்சினைத் தோளில் தூக்கினார். “நீர் வரவேண்டாம். காத்து இன்னும் அடங்கேல்லை.”

“ஆளைத் தூக்க உங்களுக்குத் தெரியாது” என்று சொல்லி அவள் வள்ளத்தில் ஏறிவிட்டாள். 

இரண்டு மணித்தியாலம் தேடினார்கள். மழைக்கும் கடலுக்கும் தகட்டுக்கும் ஒரே நிறம். கண்டோம் என்று போன இடமெல்லாம் நுரை. மரியதாசன் தண்ணீரை இறைத்து ஊற்றியபடி அவளுடைய முகத்தைப் பார்ப்பார். அவள் அழவில்லை. தலைக்குள் மணித்தியாலத்தை எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்றுக்குத் திருப்பினது. ஒரு மணிக்குத் திருப்பியிருக்கவேணும். இப்போது ஒன்றே முக்கால்.

“பிள்ளை,” என்றார் மரியதாசன் கடைசியில், “அது நீரோட்டத்தோடை போயிருந்தால் களங்கட்டி தாண்ட ஏலாது.”

களங்கட்டி என்பது ஆழம் குறைந்த கடலில் தடிகளை நெருக்கமாக நாட்டி வலை கட்டிய மீன் வேலி. அவர் சொன்னபடியேதான் நடந்திருந்தது. நூறு நூற்றைம்பது தடிகளைச் சரித்து முறித்துக்கொண்டு, வலையைத் தலைப்பாகை போல மூக்கில் சுற்றிக்கொண்டு, பிளேன்வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. கொக்கு ஒன்று அதன் முதுகில் இருந்தது.

றஞ்சனி பக்கத்து வாசலால் ஏறினாள். உள்ளே கணுக்காலளவு தண்ணீர். கட்டில் சரிந்து தகட்டோடு முட்டி நின்றது. ஆழ்வாப்பிள்ளை கிடத்திய இடத்திலேயே கிடந்தார். இடக்கையால் பிளேனின் விலாக் கம்பி ஒன்றைப் பிடித்திருந்தார். உதடு நீலம். கண் திறந்திருந்தது. அவள் கழுத்தில் விரலை வைத்தாள். நாடி இருந்தது, மெதுவாக.

“மாமா. பயந்திட்டியளோ?”

“சரி” என்றார் அவர். பல் கிடுகிடுத்தது.

 அவள் தண்ணீருக்குள் முழங்கால் ஊன்றிக் குனிந்தாள். அந்தச் சுடுதண்ணீர்ப் போத்தலை எப்போதோ சேலைத் தலைப்பால் இடுப்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. போத்தலைத் திறந்து துணியை நனைத்து, முதலில் அவருடைய நெஞ்சையும் கக்கத்தையும் சூடாக்கினாள். வாய்க்குள் ஒரு சொட்டும் ஊற்றவில்லை. புரைக்கேறினால் அதோடு முடிந்துவிடும்.

“அண்ணை, அந்த விரிப்பின்ரை நுனியைச் சுருட்டிப் பிடியுங்கோ. கையைப் பிடிச்சுத் தூக்கவேண்டாம், தோள் கழண்டிடும். நான் ஒண்டு ரெண்டு மூண்டு எண்டேக்கை. முதுகை வளைக்காதேங்கோ, முழங்காலை மடியுங்கோ.”

“எனக்குத் தூக்கப் படிப்பிக்கிறா” என்று முணுமுணுத்தாலும் மரியதாசன் முழங்காலை மடித்தார்.

பிடித்த கம்பியை ஆழ்வாப்பிள்ளை விடவில்லை. றஞ்சனி விரல் விரலாகக் கழற்றவேண்டியிருந்தது. கடைசி விரல் கழன்றபோது அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். நாலு வருடம் முகம் படித்தவளுக்கு அந்த முகம் படிக்கத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு ஆசுப்பத்திரி. உடம்புச் சூடு முப்பத்துநாலு தசம் இரண்டு. கம்பளி, சேலைன், புண்ணுக்கு மருந்து. படிவத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். றஞ்சனி பேனையைப் பிடித்தாள், எழுத்து வரவில்லை.  தாதி ஒருத்தி அவளைக் கதிரையில் இருத்திச் சீனித் தேத்தண்ணீர் கொடுத்தாள். யாராவது தனக்குத் தேத்தண்ணீர் கொடுத்து எவ்வளவு காலம் என்று அவள் நினைத்தாள். நினைத்துவிட்டுக் குடித்தாள்.

பின்னேரம் மழை விட்டதும் யோகம்மா வந்தாள். தகப்பனின் காலைத் தொட்டுப் பார்த்து, சூடு கண்டு, ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு மூக்கைத் துடைத்தபடி, “இனி எங்கை வைக்கிறது? தை இருபத்தொண்டுக்கு இன்னும் ஐம்பது நாள் கிடக்கே” என்றாள்.

 றஞ்சனி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“மச்சாள், அவர் கடலுக்கை நிண்ட அந்த ரெண்டரை மணித்தியாலம் நல்ல நேரமோ கெட்ட நேரமோ எண்டு சாத்திரியாரிட்டைக் கேட்டனியளோ?”

“நீர் என்ன என்னைக் குத்திக் கதைக்கிறீர்?”

“உங்களை மட்டும் குத்தேல்லை. காலமை திறப்பை நான் பறிச்சிருக்கவேணும். பறிக்கேல்லை. கயித்தை அறுத்ததும் நான்தான். ரெண்டு பேரும் சேந்துதான் அவரைக் கடலிலை விட்டனாங்கள். இனி அந்த வீட்டிலை அவர் செத்தாலும் பரவாயில்லை. காய்ஞ்ச இடத்திலை சாகட்டும்.”

பக்கத்துக் கட்டில்காரி எட்டிப் பார்த்தாள். யோகம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். கனநேரம் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். திறப்பை றஞ்சனியின் கையில் கொடுக்கவில்லை. கட்டில் விளிம்பில் வைத்தாள். றஞ்சனி எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு றஞ்சனி வீட்டுக் கதவைத் திறந்தாள். பூசணிக்காயும் இல்லை, பாலும் இல்லை. யன்னல்களைத் திறந்து, டெற்றோல் விட்டு நிலத்தைக் கழுவி, விசிறியைப் போட்டுக் காயவிட்டாள். மரியதாசன் வந்து வாசலில் நின்று, பிளேனை மூன்று கயிறு போட்டுக் கட்டியிருப்பதாகவும் களங்கட்டிக்காரர் சத்தம் போடுவதாகவும் சொன்னார். “அதைப் பிறகு பாப்பம் அண்ணை. இப்ப கட்டிலுக்கு ஆள் வேணும்” என்றாள் அவள். அவர் நாலு பேரோடு போய்க் கடலிலிருந்து கட்டிலைக் கொண்டுவந்தார். அதைக் கழுவி, நடு அறையில், விசிறிக்கு நேரே வராமல், யன்னல் வெளிச்சம் முகத்தில் விழாமல் போட்டார்கள்.

சூடு ஏறிவிட்டது என்று ஆசுப்பத்திரியில் விட்ட மாமாவை ஏற்றிக்கொண்டு பத்து மணிக்கு ஓட்டோ வந்தது. யோகம்மா முன்னால் போய்க் கதவை அகலப் பிடித்துக்கொண்டாள். எந்தக் கால் முதல் என்று யாரும் கேட்கவில்லை. ஆளைத் தலைப்பக்கமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள். றஞ்சனி அவரை இடப்பக்கம் சரித்து, முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்து, புண்ணைத் திறந்து பார்த்து மருந்து கட்டினாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த புதுக் கலண்டரின் ஓரத்தில் ஆளைத் திருப்புகிற நேரத்தை எழுதினாள். பத்து இருபது, இடம். அதன் கீழே, பன்னிரண்டு இருபது, வலம்.